மளிகைக் கடைப் பரணில் கிடந்த உறைகளும் டப்பாக்களும்: எதைக் காப்பது, எதை விடுவது?

பொருநைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா நடத்திய மளிகைக் கடையின் கட்டடம் கைமாறப் போகிறது. பரணில் கிடப்பவற்றைப் பிரித்து ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கடையில் பெரும்பாலான சரக்கு செய்தித்தாள் பொட்டலமாகத்தான் விற்பனையானது என்பதால் உறைகள் அதிகம் இருக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் காப்பித்தூளுக்கான காகித உறைகள் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. அப்பளக் கட்டுகளின் லேபிள்கள், பெருங்காய டப்பாக்கள், தேயிலைத்தூள் பொட்டலங்களின் மேலுறைகள், பாக்குப் பொட்டலங்கள், மெழுகுத்தாள் பிஸ்கட் உறைகள், மூடி துருப்பிடித்த மிட்டாய் பாட்டில்கள், பனைமரம் போட்ட மஞ்சள் டால்டா டின்கள், வெளிநாட்டுக் காட்சிகள் அச்சடித்த பழைய பிஸ்கட் டின்கள் என்று நாள்தோறும் ஏதாவது ஒன்று வெளியே வருகிறது.

வீட்டில் எல்லோருடைய கருத்தும் ஒன்றுதான். பிஸ்கட் டின்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் கொடுத்தால் விலை போகும், காகிதங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கோ அந்தக் காகிதங்களை விட மனம் வரவில்லை. எதற்காக என்று கேட்டால் தெளிவான பதிலும் சொல்லத் தெரியவில்லை. அவற்றின் வண்ணமும் எழுத்தும் உண்மையிலேயே சிறந்தவைதானா, அல்லது தாத்தாவின் கடையைச் சேர்ந்தவை என்பதால் மட்டும் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

இத்தகைய சேகரிப்புகளைப் பற்றி அறிந்தவர்கள் மூன்று விஷயங்களில் உதவ வேண்டும். வடிவமைப்பு என்ற அளவில் இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்? ஆண்டு குறிப்பிடாத உறை ஒன்றின் காலத்தை எப்படிக் கணிப்பது? எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லாத நிலையில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும்?

கல்லச்சு எழுதியது:

அம்மா, நான் சிவகாசியில் லேபிள் அச்சிடும் அச்சகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கள் முதல் கேள்விக்கு என் தொழில் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு அச்சுத்தொழில் வந்ததே லேபிளால்தான். ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகு இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலைகள் பெருகின. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படம் தேவைப்பட்டது. அந்தத் தேவையை நம்பி வளர்ந்த லித்தோ அச்சகங்கள், அதாவது கல்லில் படம் வரைந்து அச்சிடும் அச்சகங்கள், பிறகு காலண்டர், பாக்கு உறை, ஊதுபத்தி லேபிள், அப்பள லேபிள் என்று தென்னாட்டின் கடைச் சரக்குகளுக்கெல்லாம் வண்ணம் கொடுத்தன. தங்கள் பரணில் இருக்கும் காகிதங்களில் ஒரு பகுதியாவது எங்கள் ஊர் வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். அடி ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அச்சகத்தின் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருந்தாலும் இருக்கும்.

அந்த லேபிள்களின் வடிவமைப்பில் பெரும்பகுதி அழகுணர்ச்சியால் மட்டும் அமைந்ததன்று, தேவையால் அமைந்தது. முதல் தேவை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சரக்கை அடையாளம் சொல்ல வேண்டும் என்பது. வாங்க வருகிறவர் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டார். மயில் மார்க் கொடு, யானை மார்க் கொடு, மரம் போட்ட டின்னைக் கொடு என்பார். ஆகவே ஒரு லேபிளில் ஒரு படம்தான் தலைமை ஏற்க வேண்டும், அது ஒரே சொல்லில் கூப்பிடக் கூடியதாகவும் இருக்க வேண்டும். நல்ல ஓவியர் மயிலைச் சுற்றிக் குளம், தாமரை, மலை என்று எதை வரைந்தாலும் மயிலை மட்டும் நடுவில் நிறுத்தி, பின்னணியை வெளுக்க வைத்துவிடுவார்.

இரண்டாவது தேவை, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் கண்ணுக்கு, பின்சுவர் அலமாரியில் அரையிருட்டில் அடுக்கியிருக்கும் பொட்டலம் தெரிய வேண்டும் என்பது. சிவப்பும் மஞ்சளும் அடர்பச்சையும் நம் லேபிள்களில் திரும்பத் திரும்ப வருவதை ரசனைக் குறைவு என்று படித்தவர்கள் பேசுவதுண்டு. குறைந்த வெளிச்சத்தில், சில அடி தூரத்தில், வெளிர்நீலத்தையும் இளஞ்சாம்பலையும் வைத்துக் கடை நடத்திப் பார்த்தால்தான் அவர்களுக்கு அது புரியும்.

மூன்றாவது, இயந்திரத்தின் குறை. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாகத் தாளில் ஏறும். ஒரு வண்ணம் இழை பிசகி விழுந்தாலும் படம் இரட்டையாகத் தெரியும். அதை நாங்கள் ரிஜிஸ்டர் சேரவில்லை என்போம். உருவத்தைச் சுற்றித் தடித்த கரும்கோடு போட்டுவிட்டால் அந்தப் பிசகு கோட்டுக்குள் மறைந்துவிடும். எழுத்துகளுக்குப் பின்னால் நிழல் போட்டதற்கும் இது ஒரு காரணம். நாட்டுப்புற ஓவியத்தின் சாயல் என்று சிலர் வியக்கும் அந்தக் கனத்த கோடு, பாதிக்குப் பாதி அச்சகத்தின் தற்காப்பு.

எழுத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெரிய அளவிலும் வளைந்த அமைப்பிலும் தமிழ் எழுத்துகளை ஈய அச்சில் கோக்க முடியாது என்பதால், லேபிளின் தலைப்பு எழுத்துகள் பெரும்பாலும் கையால் வரையப்பட்டவை. வில்லாக வளைந்த பட்டைக்குள் நீண்ட பெயர் ஒன்றை நிரப்ப, ஓவியர் ஒரு லகரத்தின் சுழியை அகட்டியும் ஒரு ரகரத்தின் காலை ஒடுக்கியும் வைத்திருப்பதைக் காணலாம். கணினி எழுத்துருக்கள் வந்த பிறகு அந்த நெளிவு போய்விட்டது. இன்றைய மசாலா உறைகளில் எல்லாத் தலைப்பும் ஒரே சாயலில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நீள்வட்டத்துக்குள் முதலாளியின் மார்பளவுப் படம், தலைப்பாகையும் திருநீறுமாக, பல லேபிள்களில் இருக்கும். பெருமைக்காகப் போட்டது என்று எண்ணிவிட வேண்டாம். மயிலையும் யானையையும் யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், முகத்தைப் போலி செய்வது கடினம். போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்ற வரி பெரும்பாலும் அந்தப் படத்துக்கு அருகிலேயே இருப்பதைப் பாருங்கள்.

தகர டின்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தகரம் மையை உறிஞ்சாது, கல்லை நேராகத் தகரத்தின் மேல் அழுத்தினால் படம் சரியாகப் பதியாது. அதனால் கல்லிலிருந்து படத்தை முதலில் ஓர் உருளையின் மேல் வாங்கி, அந்த உருளையிலிருந்து தகரத்துக்குக் கொடுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே என்பவர் 1875-இல் காப்புரிமை பெற்றார். அதே முறை 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காகிதத்துக்கு மாறியபோதுதான் இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஆப்செட் அச்சு பிறந்தது. பிஸ்கட் டின் போன்ற தகரப் பெட்டிகளுக்காகக் கண்டுபிடித்த வழி, சுற்றிச் சுற்றி எங்கள் ஊரின் சோறாக ஆயிற்று. தங்கள் பரணில் பிஸ்கட் டின்னும் அப்பள லேபிளும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நாள்காட்டி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என்னால் உதவ முடியும். உறையின் காலத்தைக் கணிக்க அதன் அழகைப் பார்க்காதீர்கள், அதன் அடிப்பகுதியில் உள்ள சலிப்பூட்டும் விவரங்களைப் படியுங்கள். சட்டமும் தபால்துறையும் விதித்த மாற்றங்கள்தான் நம்பகமான சாட்சிகள்.

எடையிலிருந்து தொடங்குங்கள். அவுன்ஸ், ராத்தல், பலம் என்று இருந்தால் பெரும்பாலும் 1962-க்கு முற்பட்டது. மெட்ரிக் எடைகள் 1958-இலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டன. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், நயா பைசாவில் இருந்தால் அதற்கும் 1964-க்கும் இடையில் என்று கொள்ளலாம். முகவரியில் சென்னை மாநிலம் என்ற பொருளில் மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முற்பட்டது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானது. அதற்கு முன் சென்னை-17 என்பதுபோல் வட்ட எண் மட்டும் எழுதுவார்கள், அந்த எண்தான் பிறகு 600 017 என்று நீண்டது. ஆனால் பழக்கத்தால் பலர் 1972-க்குப் பிறகும் பழையபடியே எழுதினார்கள் என்பதால், குறியீடு இருப்பது உறுதியான சாட்சி, இல்லாதிருப்பது உறுதியான சாட்சியன்று.

பிற்காலத்து உறைகளுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் 1977-இல் வந்த பின் நிகர எடை, தயாரித்த மாதம், விற்பனை விலை ஆகியவை ஒழுங்காக அச்சாயின. எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை என்ற தொடர் 1990-ஐ ஒட்டி வருகிறது. 890 என்று தொடங்கும் பட்டைக் குறியீடு பொதுவாக 1990-களின் பிற்பகுதியைக் காட்டும். மெட்ராஸ் என்பது சென்னையாக மாறியது 1996. சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி 2001-ஐ ஒட்டி வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் 2011-க்குப் பிற்பட்டது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த அடையாளம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் லை, னை, ணை, ளை ஆகிய எழுத்துகள் தலைக்கு மேல் வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனிச் சுழி உண்டு. ஒரு மளிகைப் பொருளின் லேபிளில் விலை, தேயிலை, சென்னை என்ற சொற்களில் ஒன்றாவது இல்லாமல் போவது அரிது. எனவே அந்த ஒரே எழுத்தை வைத்துக் கட்டுக் கட்டாகப் பிரித்துவிடலாம். பெரியாரின் குடி அரசு இதழ் 1935-லேயே புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கியது என்றாலும், கடை லேபிளில் புதிய வடிவம் இருந்தால் பெரும்பாலும் 1978-க்குப் பிற்பட்டது என்றே கொள்ளலாம். மறுதலையாக, பழைய வடிவத்தைக் கண்டதும் பழைய லேபிள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய பிளேட்டையே ஓட்டியவர்களும், கை பழகிய ஓவியர்களும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கொம்பு போட்டே எழுதினார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பெட்டியில் எத்தனை மொழிகள் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் இருந்தால் அந்தச் சரக்கு எங்கெல்லாம் போயிற்று என்பது தெரிந்துவிடும். சிங்களமோ பர்மிய எழுத்தோ இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குரோம்பேட்டைவாசி எழுதியது:

எல்லோரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபட வேண்டியிருக்கிறது.

உறைகளைச் சேகரிப்பதன் ஈர்ப்பில் பெரும்பங்கு நம் சொந்தப் பிள்ளைப் பருவத்துக்குத்தான் உரியது. மஞ்சள் வெள்ளைக் கோடு போட்ட மெழுகுத்தாளில் பார்லே பிஸ்கட் தின்றவருக்கு அந்தத் தாள் பேசும், தின்னாதவருக்கு அது வெறும் தாள். இதைக் கம்பெனிகள் நன்றாக அறிந்திருக்கின்றன. பழைய வடிவத்தில் டின் போட்டுப் பண்டிகைக் காலத்தில் இரட்டை விலைக்கு விற்பது அதனால்தான். ஏக்கத்தோடு சேகரிப்பவர் பல நேரங்களில் சம்பளம் வாங்காத விளம்பரதாரர் ஆகிவிடுகிறார்.

அதோடு, சேகரிப்புகள் காலத்தைத் திரித்துக் காட்டவும் செய்யும். இங்கிலாந்தில் ரெடிங் நகரத்து ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனம் 1868-இல் அலங்கார பிஸ்கட் டின்னை வெளியிடத் தொடங்கியது. பிறகு வாரால் கட்டிய புத்தக அடுக்கைப் போலவெல்லாம் டின்கள் செய்தது. அவை பிஸ்கட் தீர்ந்த பின்பும் வீட்டில் வைத்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டவை. வைத்துக்கொண்டார்கள், ஆகவே நிறைய எஞ்சியிருக்கின்றன, இன்று ரெடிங் அருங்காட்சியகத்திலும் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் அக்காலத்து ஏழைத் தொழிலாளி வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தின் நீலக் காகிதத்தை யார் வைத்திருந்தார்கள்? எஞ்சி நிற்பவற்றை மட்டும் பார்த்தால் அந்தக் காலத்தில் எல்லோரும் தங்க முலாம் பூசிய டின்னிலேயே தின்றார்கள் என்று தோன்றும்.

இதை உணர்ந்து சேகரித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராபர்ட் ஓப்பி என்ற ஆங்கிலேயர் 1963-இல், பதினாறு வயதில், ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் ரயில் நிலையத்துத் தானியங்கி இயந்திரத்தில் வாங்கிய மிட்டாயின் உறையை எறியாமல் வைத்துக்கொண்டார். அன்று தொடங்கி அன்றாடம் எறியப்படும் உறைகளைச் சேர்த்தார். 1975-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 1984-இல் குளோஸ்டரில் தனி அருங்காட்சியகம் கண்டன. 2005 முதல் லண்டனில் பிராண்டுகளின் அருங்காட்சியகமாக இருக்கின்றன. அந்தச் சேகரிப்பின் வலிமை அழகான பொருளைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. ஒரே பொருளின் உறை அடுத்தடுத்து எப்படி மாறியது என்பதை வரிசையாக வைத்திருப்பதில்தான் இருக்கிறது. ஒரு கோகோ டின்னைப் பார்த்தால் ரசிக்கலாம். அதே கோகோவின் டின் போர்க்காலத்தில் தகரத் தட்டுப்பாட்டால் அட்டையாகி, பிறகு மீண்டும் டின்னாகி, கடைசியில் பிளாஸ்டிக் மூடி பெற்றதை வரிசையாகப் பார்த்தால் வரலாறு படிக்கலாம்.

ஆகவே என் யோசனை வீட்டாருடைய யோசனைக்கு ஒரு பாதியில் ஒத்தும் மறுபாதியில் நேர் எதிராகவும் இருக்கிறது. வெளிநாட்டு பிஸ்கட் டின்களைத் தாராளமாக விற்றுவிடுங்கள். அவற்றின் சோடி உலகத்தில் எங்காவது பத்திரமாக இருக்கும். ஊர்ப் பெயர் போட்ட காப்பித்தூள் உறைக்கும், இரண்டு தெரு தாண்டி யாரும் அறியாத அப்பள லேபிளுக்கும் வேறு பிரதி எங்கும் இல்லாமல் இருக்கலாம். அவை அழகாக இருக்கின்றனவா என்ற கேள்வியே எனக்கு இரண்டாம்பட்சம்.

கல்லச்சு எழுதியது:

குரோம்பேட்டைவாசி ஐயாவின் முடிவை ஏற்கிறேன், கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த அப்பள லேபிளை வரைந்தவருக்குப் பெயர் போடும் வழக்கமே கிடையாது. கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற காலண்டர் ஓவியர்களுக்காவது படத்தின் மூலையில் கையெழுத்து உண்டு. லேபிள் ஓவியருக்கு அதுவும் இல்லை. அவர் விட்டுச்சென்ற ஒரே தடயம் அந்தக் கோடும் எழுத்தும்தான். அதை நன்றாகச் செய்தாரா என்று பார்ப்பது அவருக்கு நாம் கொடுக்கும் குறைந்தபட்ச மரியாதை. ஒரே மாதிரியான இரண்டு மயில் லேபிள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கைதேர்ந்தவருடையது, எது அதைப் பார்த்து வரைந்தவருடையது என்று யாருக்கும் தெரியும். தாத்தாவின் கடை என்ற பாசம் அந்த வேறுபாட்டைக் காட்டாது.

சுன்னாகத்தான் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இந்த உரையாடலில் இதுவரை வராத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீடுகளில் போத்தலையும் பேணியையும், அதாவது பாட்டிலையும் டின்னையும், யாரும் சேகரிக்கவில்லை, பாவித்தார்கள். பால்மாப் பேணியில் சீனி இருக்கும், பிஸ்கட் பெட்டியில் பாட்டியின் ஊசிநூலோ பிறப்புச் சான்றிதழ்களோ இருக்கும். 1990-களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகி, மின்சாரமும் இல்லாதிருந்த காலத்தில், ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் வைத்து ஏற்றிய விளக்கில்தான் எங்கள் தலைமுறை படித்தது. அந்தப் போத்தலில் லேபிள் இருந்திருக்க வழியில்லை. வெளிச்சம் மறையும் என்று சுரண்டிக் கழுவி எடுத்திருப்பார்கள். வடிவமைப்பின் அழகு என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கென்று ஓர் உறைச் சேகரிப்பு அமையுமானால், அந்தப் போத்தல் இல்லாமல் அது நிறைவடையாது.

எனவே தங்கள் டால்டா டின்களை எடுக்கும்போது கவனமாகப் பாருங்கள். டால்டா இந்தியாவில் 1937-இல் அறிமுகமானது. அந்த மஞ்சள் டின் தண்ணீர் மொள்ளவும் துளசிச் செடி வைக்கவும் உங்கள் பக்கத்து வீடுகளில் எவ்வளவு பயன்பட்டது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தால், கைப்பிடிக் கம்பி கட்டியிருந்தால், அரிசி அளவுக்காக உள்ளே கோடு கீறியிருந்தால், அந்த டின்னைப் பழுதானது என்று ஒதுக்காதீர்கள். பழம்பொருள் வியாபாரி அதற்கு விலையைக் குறைப்பார். அவருக்கு அது சரி. தங்களுக்கு அந்த ஓட்டைதான் தகவல்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கல்லச்சு ஐயா சொன்னபடி பார்த்ததில், ஒரு பாக்கு உறையின் ஓரத்தில் சிவகாசி என்ற சொல் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. காப்பித்தூள் உறைகளில் கொம்பு போட்ட னையும் போடாத னையும் இரண்டும் கிடைத்தன, படம் மட்டும் மாறவில்லை. டின்களில் ஒன்றில் தாத்தாவின் கையெழுத்தில் ஏலம் என்று எழுதிய காகிதம் ஒட்டியிருக்கிறது.

பிஸ்கட் டின்களை விற்பதற்கு ஒப்புக்கொண்டேன். அந்தப் பணத்தில் காகிதங்களை வைக்கத் தகுந்த பெட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றதும் வீட்டில் எதிர்ப்பும் அடங்கிவிட்டது. இனி இவற்றை எப்படிச் சுத்தம் செய்து வைப்பது? டின்களைப் புளி போட்டுத் துலக்கலாம் என்று அத்தை காத்திருக்கிறார்.

ராமபாணம் எழுதியது:

அத்தையை முதலில் தடுத்து நிறுத்துங்கள். அச்சிட்ட தகரத்தில் புளி, எலுமிச்சை, சாம்பல், கம்பி நார் எதுவும் படக் கூடாது. வெள்ளைப் பூச்சின் மேல் ஒவ்வொரு வண்ணமாகச் சூடேற்றிப் பதித்த மெல்லிய படலம் அது. துருவோடு சேர்ந்து படமும் உரிந்து வரும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, சற்றே ஈரமான பஞ்சுத் துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அதற்கு முன் படத்தின் ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்து, வண்ணம் துணியில் ஏறுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, தரையில் படாமல் மர அலமாரியில் வையுங்கள். பெருங்காய டப்பாக்களைக் காகிதங்களோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். பெருங்காயம் போனாலும் டப்பாவின் வாசனை போகாது என்பது பழமொழிக்கு மட்டும் உரிய செய்தியன்று.

காகிதங்களுக்கு முதல் எதிரி என் பெயரில் உள்ள பூச்சிதான். அடுத்தது ஈரம், அதற்கடுத்தது நம் அன்பு. அன்பு மிகுதியால் லேமினேஷன் செய்து பாழான காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதைப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மலிவான பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறையிலோ அமிலமற்ற காகித மடிப்பிலோ ஒவ்வொன்றாக வையுங்கள். மெழுகுத்தாள் பிஸ்கட் உறைகளை நேராக்குவதற்காக இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். மெழுகு உருகி வண்ணத்தைக் கலைத்துவிடும். வெயில் ஏறும் பரணும் அவற்றுக்கு ஆகாது. இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே, கனமில்லாத பலகையின் கீழ், வாரக்கணக்கில் விட்டுவிட்டால் தாமாகவே படியும். எண்ணெய் பட்டுக் கண்ணாடிபோல் ஆன இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் நம் வீடுகளில் வழக்கம். அவற்றைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம், காகிதத்தின் மேல் நேரடியாகத் தூவினால் கறை படியும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். இவற்றையெல்லாம் விட ஆண்டுக்கு ஓரிரு முறை பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்துப் பார்ப்பதே நல்ல காப்பு.

ஒரே மாதிரியான பல பிரதிகள் இருந்தால் நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கொடுப்பதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நில்லாமல் அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எறிந்தவற்றையும் சேர்த்தவர். எதைக் கொடுத்தாலும் அதற்கு முன், முன்புறம் பின்புறம் இரண்டையும் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, எந்தக் கடை, எந்த ஊர், பரணில் எந்தப் பொருளோடு கிடந்தது என்ற குறிப்பைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிச் சேர்த்து வையுங்கள். தாத்தா ஒட்டிய ஏலம் என்ற சீட்டை மட்டும் உரிக்க முயல வேண்டாம், டின்னோடேயே இருக்கட்டும்.